எந்தச் சாவுக்கு குளோஸ்-அப்?

2013 ஆகஸ்ட் 23. ‘மெட்ராஸ் கஃபே’ நாடு முழுக்க வெளியானது. திருச்சியில் ஒரு தியேட்டரிலும் ஓடவில்லை. சென்னை, மதுரை, கோவையிலும் இதே நிலைதான். விடுதலைப் புலிகளைக் கொச்சைப்படுத்துகிறது என்று தமிழ் அமைப்புகள் எதிர்த்தன. வம்பு எதற்கு என்று தியேட்டர்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஏழு மாதம் கழித்து, 2014 மார்ச் 28-ல் சந்தோஷ் சிவனின் ‘இனம்’ வந்தது. படத்தை வெளியிட்ட லிங்குசாமி, எதிர்ப்பு கிளம்பியதும் முதலில் சில காட்சிகளை வெட்டினார். அப்போதும் அடங்கவில்லை. சில நாள்களிலேயே படத்தை மொத்தமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இந்த இரண்டு படங்களும் பேசும் ஈழப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் திருச்சியிலேயே இருக்கிறார்கள். விமான நிலையத்தை ஒட்டி கொட்டப்பட்டு, துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டை. அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று 2021-ல் தமிழக அரசு மாற்றியது. ஊர் வாயில் இன்னமும் அது ‘கேம்ப்’தான். கேம்ப்பிலேயே பிறந்து, கேம்ப்பிலேயே கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்ற தலைமுறை அங்கே இருக்கிறது. ஷெல் விழும் சத்தத்தையும் பங்கருக்குள் கழித்த இரவுகளையும் அறிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். ஈழப் போரைப் பற்றிய ஒரு படம் பொய்யா மெய்யா என்று சொல்லும் தகுதி அவர்களுக்கு இருப்பதுபோல் தமிழ்நாட்டில் வேறு யாருக்கும் இல்லை. அவர்கள் பார்ப்பதற்கு முன்பே, அவர்கள் பெயரைச் சொல்லியே, இரண்டு படங்களையும் நாம் நிறுத்திவிட்டோம்.

வெட்டப்பட்ட காட்சிகளைப் பற்றி நமக்குள் சண்டை நிறைய நடந்திருக்கிறது. எடுக்கப்படாத காட்சிகளைப் பற்றி யாரும் அதிகம் பேசியதில்லை. ஆனால், போர்ப் படத்தின் பெரிய பொய் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒரு தரப்பின் சாவுக்கு குளோஸ்-அப், இன்னொரு தரப்பின் சாவுக்கு லாங் ஷாட், மூன்றாவது தரப்பின் சாவுக்கு ஷாட்டே கிடையாது என்று பங்கு பிரித்துவிட்டால் போதும். திரையில் வருவது ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கும்; படம் மொத்தமும் பொய்யாக இருக்கும்.

கணக்கில் யார் யார்?

ஈழப் போரில் கறை படியாத துப்பாக்கி இல்லை. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 1985 மே 14 அன்று அனுராதபுரத்தில், பேருந்து நிலையத்திலும் போதிமரத்தடியிலும் புலிகள் சுட்டதில் 146 பேர் இறந்தார்கள். 1986-ல் புலிகள் டெலோ என்ற சக தமிழ் இயக்கத்தை யாழ்ப்பாணத் தெருக்களில் வேட்டையாடினார்கள். செத்தவர்களும் சுட்டவர்களும் ஒரே ஊர்ப் பிள்ளைகள். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்தது. டாக்டர்கள், நர்ஸ்கள், படுக்கையில் கிடந்த நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் அதே படை ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் பலி. அதே ஆண்டு அக்டோபரில் வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியது. செத்தவர்கள் நூற்றுக்கும் மேல். பிறகு 2009, முள்ளிவாய்க்கால். 2011-ல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்றது. ‘தாக்குதலற்ற பகுதி’ என்று தானே அறிவித்த இடங்களிலும் மருத்துவமனைகளிலும் அரசுப் படை ஷெல் அடித்ததையும், தப்பி ஓடிய மக்களைப் புலிகள் சுட்டதையும், சிறுவர்களைப் பிடித்துப் போர்முனைக்கு அனுப்பியதையும் அதே அறிக்கை எழுதியது.

இந்தக் கணக்கைச் சமமாகப் பிரிக்க முடியாது. விமானமும் பீரங்கியும் வைத்திருந்த அரசின் பங்கு பெரியது. சொந்தக் குடிமக்களைக் காக்க வேண்டிய கடமையும் அதற்கு இருந்தது. ஆனால், பெரிய குற்றத்தைக் காட்டுவதற்காகச் சிறிய குற்றத்தை அழித்துவிட வேண்டியதில்லை. அந்தச் ‘சிறிய’ குற்றத்தில் செத்தவனுக்கு அது சிறியது இல்லை.

கேமரா எங்கே நின்றது?

தமிழில் இந்தப் போரைத் தொட்ட படங்களில் அதிகம் பேர் பார்த்தது மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002). வசனம் சுஜாதா. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி ஜோசப் காலேஜில் படித்த அதே சுஜாதா. கதாநாயகன் திருச்செல்வனும் சுஜாதாவைப் போலவே மனைவியின் பெயரில் எழுதும் எழுத்தாளன் என்பதைக் கேட்டதும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் புன்னகைத்திருப்பார்கள். படத்தில் கேமரா அமுதா என்ற சிறுமியின் உயரத்திலேயே நிற்கிறது. ஊரைக் காலி செய்து ஓடும் சனமும், பூங்காவில் வெடிக்கும் தற்கொலைக் குண்டும் ஒரே சிறுமியைத்தான் நடுங்க வைக்கின்றன. பிரகாஷ்ராஜ் வேடத்தில் ஒரு சிங்கள டாக்டருக்கு முகமும் மனசும் கிடைக்கின்றன. அது வரை தமிழ் சினிமாவில் இல்லாத நேர்மை இது. அதற்குக் கொடுத்த விலையும் தெரிகிறது: படத்தில் எல்லோரும் பாவம், யாரும் பொறுப்பில்லை. போர் புயலைப்போல் வந்து போகிறது. புயல் மேல் யாரும் வழக்குப் போட முடியாது.

‘மெட்ராஸ் கஃபே’யில் கேமரா இந்திய உளவு அமைப்பான ‘ரா’வின் அதிகாரி விக்ரம் சிங் பக்கம் நிற்கிறது. ஒரு தேவாலயத்தில் பாதிரியாரிடம் அவர் மனம் திறந்து சொல்லும் கதைதான் படம். அவருடைய மனைவி கொல்லப்படும்போது நமக்கு வலிக்கிறது, வலிக்க வேண்டும். ஆனால், ஈழத் தமிழர்கள் அந்தக் கதையில் வரும்போதும் போகும்போதும் கூட்டமாகவே இருக்கிறார்கள். வலி அதிகாரிக்கு, ஓலம் சனத்துக்கு. இந்தப் பங்கீட்டைப் பற்றி எதிர்ப்பாளர்கள் பேசியிருந்தால் நியாயமான விவாதமாக இருந்திருக்கும். புலிகளைக் கெட்டவர்களாகக் காட்டலாமா என்ற கேள்வியோடு அவர்கள் நின்றுவிட்டார்கள்.

மறுபக்கம் புகழேந்தி தங்கராஜின் ‘காற்றுக்கென்ன வேலி’ (2001), ‘உச்சிதனை முகர்ந்தால்’ (2011), ஜான் மகேந்திரனின் ‘ஆணிவேர்’ (2006) போன்ற படங்கள். முதல் படம் சென்சாரோடு மல்லுக்கட்டி, நீதிமன்றம் போய் வெளிவந்தது. ‘உச்சிதனை முகர்ந்தால்’, சிங்களப் படையினரால் சிதைக்கப்பட்ட 13 வயது மட்டக்களப்புச் சிறுமியின் கதை. இவை சொல்லும் கொடுமைகள் கற்பனை அல்ல. யாரும் சொல்லாதபோது சொன்ன துணிச்சலை மறுக்கவும் முடியாது. ஆனால், இவ்வகைப் படங்களில் ஆமிக்காரனுக்குப் பெரும்பாலும் முகம் கிடையாது, பூட்ஸும் கூச்சலும்தான் உண்டு. இயக்கத்தின் கையில் ரத்தமும் கிடையாது. ‘ஆணிவேர்’ எடுக்கப்பட்டது அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில். கேமராவைக் கொண்டுபோக அனுமதி கொடுப்பவர்கள், அது எந்தப் பக்கம் திரும்பலாம் என்பதையும் சேர்த்தே தீர்மானிப்பார்கள். கொழும்பிலும் இதுதான் நடந்தது. புலிகள் தாக்கிய எல்லைக் கிராமத்துச் சிங்களவர்களைப் பற்றி 2011-ல் வந்த ‘காமனி’யை இயக்கிய சரத் வீரசேகர, கடற்படையில் ரியர் அட்மிரலாக இருந்தவர்.

‘தி ஃபேமிலி மேன்’ வெப் தொடரின் இரண்டாம் பருவத்தை (2021) நிறுத்தச் சொல்லி தமிழக அரசே மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. அதில் சமந்தா நடித்த ராஜிக்கு ஒரு கடந்த காலம் உண்டு. ராணுவம் அவளுக்கு இழைத்ததைத் தொடர் மறைக்கவில்லை. ஆனால், அவளுக்கு நடந்தது சில நிமிட நினைவு, அவள் செய்யப்போவது ஒன்பது எபிசோட் சஸ்பென்ஸ். நேரத்தை இப்படிப் பிரித்தாலே போதும், பாதிக்கப்பட்டவள் மிரட்டலாகிவிடுவாள்.

இத்தனை படங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் சில இடங்கள் காலியாகவே இருக்கின்றன. யாழ்ப்பாணம் மருத்துவமனை வார்டுக்குள் எந்தப் பெரிய இந்தியப் படத்தின் கேமராவும் நுழைந்ததில்லை. இந்தி சினிமாவுக்கு அமைதிப்படை ஏமாற்றப்பட்ட வீரர்களின் கதை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் அங்கே இறந்ததும் உண்மைதான். தமிழ் சினிமாவுக்கோ, இந்தியச் சீருடையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் சான்றிதழ் கிடைக்குமா என்ற பயம். காத்தான்குடி இரண்டு பேருக்குமே தேவைப்படவில்லை. முஸ்லிமைக் கொன்ற தமிழன் ஒரு கதைக்கும், தமிழ் பேசும் முஸ்லிமின் வலி இன்னொரு கதைக்கும் இடைஞ்சல்.

சென்சார், சந்தை, சாலை மறியல்

இந்தக் காலியிடங்களுக்கு இயக்குநர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 1952-ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டம், ஒரு படத்துக்குச் சான்றிதழை மறுக்கக் கூடிய காரணங்களில் ‘அந்நிய நாடுகளுடன் நட்புறவு’ என்பதையும் சேர்த்திருக்கிறது. இலங்கை ராணுவத்தைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் அந்தப் பிரிவு நீட்டப்படும். 1992 முதல் புலிகள் இயக்கம் இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. புலிகளை மனிதர்களாகக் காட்டினால் வேறு பிரிவு. ராஜீவ் காந்தி கொலையைப் பற்றி ஆர்.கே.செல்வமணி எடுத்த ‘குற்றப்பத்திரிகை’ சென்சாரையும் கோர்ட்டையும் தாண்டி 2007-ல் திரைக்கு வருவதற்குள் பதினைந்து வருஷம் ஓடிவிட்டது.

எனவே, எல்லோரும் சுற்றுவழி போகிறார்கள். ‘மெட்ராஸ் கஃபே’யில் இயக்கத்தின் பெயர் எல்.டி.எஃப். சந்தோஷ் சிவன் முன்பு எடுத்த ‘தி டெரரிஸ்ட்’ (1998) நாட்டையே பெயர் சொல்லவில்லை. பெயரில்லாத போரில் குற்றவாளியும் இல்லை, சாட்சியும் இல்லை. இதற்கு மேல் சந்தை. தமிழ்ப் படத்துக்கு லண்டன், பாரிஸ், டொரன்டோ வசூல் முக்கியம். அங்கே டிக்கெட் வாங்குபவர்களில் பெரும்பகுதி ஈழத்திலிருந்து போனவர்கள். இயக்கத்தைக் கேள்வி கேட்கும் படத்துக்குப் பணம் போட யார் முன்வருவார்? சென்சார் ஒரு பாதியைத் துடைத்தால், வசூல் கணக்கும் சாலை மறியலும் மறுபாதியைத் துடைக்கின்றன.

ஸ்ரீரங்கத்தின் நினைவு

திருச்சிக்குப் போர்க் கொடுமை புதிதல்ல. அதைச் சொல்வதும் புதிதல்ல. 1323-ல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்துக்குள் புகுந்ததைக் கோயிலின் வரலாற்று நூலான ‘கோயிலொழுகு’ பதிவு செய்திருக்கிறது. பன்னீராயிரம் வைணவர்கள் வெட்டப்பட்டார்கள் என்பது அது சொல்லும் கணக்கு. நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே போன பிள்ளை லோகாசாரியர் வழியிலேயே பரமபதித்தார். வேதாந்த தேசிகர் பிணங்களுக்கு நடுவே படுத்துச் சுவடிகளைக் காத்தார் என்பது மரபு. வெள்ளையம்மாள் என்ற பெண் படைத்தலைவனைக் கோபுரத்தின் மேல் கூட்டிப்போய்த் தள்ளினாள் என்பது ஊர்க் கதை. 1371-ல்தான் பெருமாள் திரும்பி வந்தார். ஸ்ரீவேணுகோபாலனின் ‘திருவரங்கன் உலா’வைப் படித்தவர்களுக்கு இந்தக் கதை தலைகீழ்ப் பாடம்.

டெல்லிப் படையெடுப்புக்குப் பின் மதுரையை ஆண்ட சுல்தான்களின் கொடுமையை அந்தக் காலத்தில் பதிவு செய்தவர்களில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவர் கங்கா தேவி; மதுரையை வென்ற விஜயநகர இளவரசன் குமார கம்பணனின் மனைவி. அவருடைய சமஸ்கிருதக் காவியமான ‘மதுரா விஜயம்’, பாழடைந்த கோயில்களையும் கலைந்துபோன வாழ்க்கையையும் உருக்கமாகச் சொல்கிறது. எதிரியின் வாள் கொலை செய்கிறது, கணவனின் வாள் தர்மம் காக்கிறது. வென்றவர் வீட்டில் எழுதப்படும் எல்லாப் போர்க் கதையின் இலக்கணமும் இதுதான்.

இன்னொருவர் இபின் பதூதா. மொராக்கோப் பயணி. 1340-களில் மதுரைப் பக்கம் வந்தபோது சுல்தான் கியாசுத்தீனுக்கு அவர் சகலை; இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஒரே மதம், ஒரே குடும்பம், ஒரே பந்தி. அந்த சுல்தான் காட்டில் பிடித்த ஊர்க்காரர்களைக் கழுவில் ஏற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் அவர் மறைக்காமல் எழுதினார். சாப்பாட்டின்போதே ஒரு குடும்பத்தைக் கொல்லச் சொன்னபோது தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் எழுதினார். இன்றைய சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில் சுல்தானின் படை வீர வல்லாளனைத் தோற்கடித்துப் பிடித்தது. எண்பது வயது ஹொய்சள மன்னன். அவன் தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தாம் கண்டதாகச் சொல்பவரும் அவரே.

இன்று வரலாற்று ஆசிரியர்கள் சாட்சிக்கு அழைப்பது கங்கா தேவியைவிட இபின் பதூதாவைத்தான். எதிரியைப் பற்றி எதிரி சொன்னால் வழக்கு. உறவுக்காரன் சொன்னால் வாக்குமூலம்.

ஸ்ரீரங்கம் இன்னொன்றும் செய்தது. பெருமாள் மேல் காதல் கொண்டு பின்தொடர்ந்து வந்ததாகச் சொல்லப்படும் டெல்லி சுல்தானின் மகளுக்குக் கோயிலுக்குள்ளேயே இடம் கொடுத்தது. துலுக்க நாச்சியாரின் பெயரால் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் இன்றும் அமுது படைக்கப்படுகின்றன. வரலாற்றில் அப்படி ஒரு பெண் இருந்தாளா என்று வாதிடலாம். பன்னீராயிரம் பேரின் சாவை மறக்காத ஊர், எதிரி வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு முகம் வரைந்து வைத்திருக்கிறது. அவளைச் சேர்த்துக்கொண்டதால் அந்தப் படுகொலை ஸ்ரீரங்கத்தின் நினைவிலிருந்து அழிந்துவிடவும் இல்லை.

சொந்தப் பக்கம் திரும்பியவர்கள்

ஈழப் போருக்கும் இபின் பதூதாக்கள் இருந்தார்கள். எல்லோரும் விலை கொடுத்தார்கள். சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ (1997) கண் தெரியாத ஒரு கிழவரின் கதை. ராணுவத்தில் இருந்த மகனின் உடல் என்று சீல் வைத்த பெட்டி வருகிறது. அவர் தோண்டித் திறந்தால் உள்ளே மகன் இல்லை. போர் நடந்துகொண்டிருந்தபோது, சொந்த மக்களிடம் ராணுவம் சொல்லும் பொய்யைக் காட்டியது. இலங்கை அரசு தடை செய்தது. உச்ச நீதிமன்றம் போய்த்தான் வெளியே வந்தது. அவரே எடுத்த ‘ஒப நதுவ ஒப எக்க’ (2012), முன்னாள் சிப்பாய் ஒருவனுக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் இடையிலான திருமணம். படையின் குற்றம் அந்த வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. சிங்களவர் ஒருவர் தன் பக்கத்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இந்தப் படம், 2014-ல் சென்னைத் தியேட்டரில் மிரட்டலால் நிறுத்தப்பட்டது. எடுத்தவர் சிங்களவர் என்பதே போதுமான காரணமாக இருந்தது. தடை செய்வதில் கொழும்புக்கும் சென்னைக்கும் ஒற்றுமை வந்த அபூர்வத் தருணம்.

தமிழர் பக்கமும் அப்படித்தான். ‘முறிந்த பனை’ நூலை எழுதிய நால்வரில் ஒருவரான டாக்டர் ராஜினி திராணகம இலங்கை ராணுவம், அமைதிப்படை, புலிகள், மற்ற இயக்கங்கள் என்று எவரையும் விடாமல் பதிவு செய்தார். 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்த கதையை ஜூட் ரட்ணம் ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ ஆவணப்படத்தில் சொன்னார். 2017-ல் கான் விழாவில் காட்டப்பட்ட அந்தப் படம், அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத் திரைப்பட விழாப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. சிறு வயதில் புலிகளிடம் இருந்த ஷோபாசக்தி, ‘தீபன்’ படத்தின் நாயகனாக நடித்தார். அது 2015-ல் கான் விழாவின் தங்கப்பனை வென்றது. இயக்கத்தின் கொலைகளைப் பல ஆண்டுகளாகக் கதைகளில் எழுதி வரும் அவரை இன்றும் ஒரு சாரார் துரோகி என்கிறார்கள்.

ஒரே இசை

இரு தரப்பையும் காட்டு என்றால் தராசு தூக்கி நிமிடங்களை நிறுத்துக் காட்டுவது இல்லை. அப்படிச் செய்தால் ஒடுக்கியவனும் ஒடுக்கப்பட்டவனும் ஒன்றாகிவிடுவார்கள். இதற்கு நல்ல பதில் 1966-லேயே வந்துவிட்டது. ஜில்லோ பொன்டெகோர்வோவின் ‘தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ அல்ஜீரிய விடுதலைப் போரின் பக்கம் நிற்கும் படம். அதில் ஒளிவு மறைவு இல்லை. பிரெஞ்சு ராணுவத்தின் சித்திரவதையை விரிவாகக் காட்டுகிறது. ஆனால், விடுதலைப் படைப் பெண் வைத்த குண்டு வெடிக்கும் முன், அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கும் பிரெஞ்சுக்காரர்களின் முகங்களை, ஐஸ்கிரீம் சாப்பிடும் குழந்தை வரை, கேமரா ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. அல்ஜீரியர் வீடு இடிந்து பிணங்கள் எடுக்கப்படும்போதும், பிரெஞ்சுக்காரர் கடையிலிருந்து பிணங்கள் எடுக்கப்படும்போதும் ஒரே இரங்கல் இசை ஒலிக்கிறது. பக்கம் சார்ந்த படம் சாவுக்குப் பக்கம் பார்க்கவில்லை. கிளின்ட் ஈஸ்ட்வுட் 2006-ல் ஐவோ ஜிமா யுத்தத்தை அமெரிக்கர்களுக்கு ஒரு படம், ஜப்பானியர்களுக்கு ஒரு படம் என்று இரண்டாக எடுத்தார். ஜப்பானியப் படத்தில், சரணடைந்த ஜப்பானியர்களை அமெரிக்கச் சிப்பாய் சுட்டுக் கொல்கிறான். அமெரிக்க இயக்குநர் எடுத்த காட்சி என்பதால் அதன் எடை கூடுகிறது.

பாதிக்கப்பட்டவர் தன் வலியைச் சொல்ல யார் அனுமதியும் தேவையில்லை. அது போக, ஒரு வேலைப் பங்கீடும் வேண்டும். யாழ்ப்பாணம் மருத்துவமனையை ஓர் இந்தியர் எடுக்க வேண்டும். காத்தான்குடியை ஒரு தமிழர் எடுக்க வேண்டும். முள்ளிவாய்க்காலை ஒரு சிங்களவர் எடுக்க வேண்டும். கேம்ப்பில் பிறந்து, திருச்சிக் கல்லூரிகளில் படித்து, கையில் போனோடு திரியும் பிள்ளைகள் இவை மூன்றையும் தாண்டி நான்காவது ஒன்றை எடுக்கக்கூடும்.

எடுத்தால் ஓட்ட முடியுமா? சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது: போராட்டமும் வன்முறையும் வரும் என்ற மிரட்டலைக் காட்டிக் கருத்துச் சுதந்திரத்தை நசுக்க முடியாது, கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கை விரிக்கவும் முடியாது. திருச்சி ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் இதே ஊரில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார். தென்னிந்தியாவின் சினிமா இங்கிருந்துதான் நடக்கத் தொடங்கியது. அந்த ஊரில் ஒரு படம் பெட்டிக்குள்ளேயே கிடப்பது அவமானம். தியேட்டருக்குப் பாதுகாப்புக் கொடுப்பது அரசின் வேலை. பார்த்துவிட்டுச் சண்டை போடுவது நம் வேலை.